தியேட்டர் வாசம்

சத்திர சிகிச்சை தியேட்டரில் டியூட்டி முடிந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம்தான் உட்காருவேன். அப்படியும் தலைமுடியில் அந்த வாசம் வீடு வரை வரும். அம்மா கேட்பார்: "என்ன புள்ள, கோழி வாட்டிட்டு வந்தியா?"

மின்சாரத்தால் சுடும் டயதர்மிக் கருவியால் சதையை வெட்டும்போதும் இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும்போதும் எழும் புகை அது. பெரும்பகுதி நீராவிதான். மிச்சத்தில் பென்சீன், ஃபோர்மல்டிஹைட், ஹைட்ரஜன் சயனைட் எல்லாம் இருக்கும். மருவைச் சுடும் புகையில் மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வையே கண்டிருக்கிறார்கள். நாங்கள் கட்டும் சாதாரண மாஸ்க் இதற்குப் போதாது. நோயாளிக்கும் பாதிப்புதான். கமரா விட்டுச் செய்யும் சத்திர சிகிச்சையில் புகை வயிற்றுக்குள்ளேயே தேங்கி டொக்டரின் பார்வையை மறைக்கும்.

அமெரிக்காவிலேயே ஆகச் சின்ன மாநிலம் ரோட் ஐலண்ட். தியேட்டரில் புகையை உறிஞ்சும் கருவி வேண்டும் என்று 2018இல் முதலில் சட்டம் போட்டது அதுதான். அடுத்த வருடம் கொலராடோ, அப்புறம் வரிசையாகப் பல மாநிலங்கள். கருவியின் குழாய் முனையை வெட்டும் இடத்துக்கு 5 சென்ரிமீற்றருக்குள் பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் மிச்சம் எங்கள் மூக்குக்குத்தான்.

முன்பு வேலை செய்த இடத்தில் இந்தக் கருவியைக் கேட்டேன். "லயத்து அடுப்புப் புகையில வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு புகையா?" என்று சிரித்தார்கள்.

அந்த லயத்து அடுப்புக்கு மேலே புகை போகவென்று அம்மா ஒரு தகரத்தைத் தூக்கி வைத்திருந்தார். அதைச் சொல்ல அன்றைக்குத் தோன்றவில்லை.