ஸ்பீக்கர் போச்சுன்னு வந்த எஸ்டீம்

போன மார்கழில ஒரு நாள் காலைல, நான் கடை ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னாடியே ஒரு மாருதி எஸ்டீம் கார் வந்து நின்னுட்டு இருந்துச்சு. 2002 மாடல், வெள்ளைக் கலர். பெயின்ட் அங்கங்க மங்கியிருந்தாலும் உள்ள சீட் கவர்ல இருந்து மிதியடி வரைக்கும் அவ்வளவு சுத்தம். பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஓட்டிட்டு வந்திருந்தார், கூட அவர் பையன். "தம்பி, மறுபடியும் ஸ்பீக்கர் போயிருச்சு, இந்தத் தடவை நல்லதா ஒரு செட்டு போட்டுக் குடுத்துருங்க"ன்னார்.

அந்த 'மறுபடியும்'ங்கிற வார்த்தைலதான் நான் நின்னேன். மூணு வருஷத்துல ரெண்டு தடவை ஸ்பீக்கர் மாத்தியாச்சு, ஒரு தடவை முன்னாடி இருக்கிற பாட்டு செட்டையும் மாத்தியாச்சு. கடைசியா பார்த்த கடைல ஆம்ப்ளி (டிக்கில இருக்கிற, சத்தத்தைக் கூட்டுற பெட்டி) போச்சு, புதுசு போடணும்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ரூபாய்க்கு மேல போயிருக்கு. பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கு.

கோயமுத்தூர்ல சொந்தமா கடை போட்டு பதினாலு வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி சென்னைல கார் சாமான் கடைங்க இருக்கிற ஜிபி ரோட்டுல நாலு வருஷம் வேலை கத்துக்கிட்டேன். அங்க என் அண்ணன் (சொந்த அண்ணன் இல்ல, தொழில் சொல்லிக் குடுத்தவர், நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் வாரமே ஒண்ணு சொன்னார், கஸ்டமர் கிட்ட என்ன போச்சுன்னு கேக்காதே, எப்ப போகுதுன்னு கேளு. நான் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் முதல்ல கேக்குறேன்.

வாத்தியார் கிட்டயும் கேட்டேன். அவர் மாசா மாசம் கிருத்திகைக்குப் பழனி போறவர், போறப்பவும் வர்றப்பவும் பாட்டு ஓடணும். போறப்ப ஒண்ணும் ஆகாதாம். திரும்பி வர்றப்ப ராத்திரி ஆயிரும், உடுமலைக்குள்ள வந்து சிக்னல்லயோ ட்ராஃபிக்லயோ நிக்கிறப்பதான் சத்தம் கரகரன்னு உடைஞ்சு, அப்புறம் மொத்தமா கட் ஆகும், ஊரைத் தாண்டி ரோட்டுல ஓட ஆரம்பிச்சா ஒரு நிமிஷத்துல தானா வந்துரும். இது போக முன்னாடி லெஃப்ட் டோர்ல மட்டும் எப்பவுமே ஒரு கரகரப்பு, சில நாள் சுத்தமா சத்தமே வராது.

இதைக் கேட்டவுடனேயே பாதி வேலை முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. ராத்திரின்னா ஹெட்லைட், நிக்கிறப்பன்னா ஐட்லிங், அதாவது இன்ஜின் மெதுவா ஓடும், சார்ஜ் கம்மியா வரும், கூட ஏசி வேற. ஸ்பீக்கருக்கு ராத்திரி பகல் தெரியாது, வண்டி நிக்குதா ஓடுதான்னும் தெரியாது. வோல்டேஜுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.

இருந்தாலும் ஸ்பீக்கர்ல இருந்தே ஆரம்பிச்சேன், ஏன்னா அவங்க மனசுல இருக்கிற சந்தேகத்தை முதல்ல தீர்க்கணும். ஆம்ப்ளிகிட்ட வயரைக் கழட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரா மீட்டர் வச்சேன். நாலு ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல நாலு காட்டாது, மூணு புள்ளி அஞ்சு, மூணு புள்ளி ஏழுன்னு வரும், அதுதான் சரி. ஒண்ணுமே காட்டலைன்னா காயில் (ஸ்பீக்கர் உள்ள இருக்கிற கம்பிச் சுருள்) கட் ஆகியிருக்கு, இல்ல வழில வயர் கட். பக்கத்துல சைபர் காட்டினா ஷார்ட். அப்புறம் கடிகாரத்துக்குப் போடுற ஒண்ணரை வோல்ட் செல் ஒண்ணை வயர்ல தொட்டுத் தொட்டு எடுத்தா டப் டப்னு சத்தம் வரும், ப்ளஸ் ப்ளஸ்ஸோட சேர்ந்திருந்தா ஸ்பீக்கர் முன்னாடி இருக்கிற கோன் வெளிய தள்ளும், மாறியிருந்தா உள்ள இழுக்கும். பின்னாடி பார்சல் ட்ரேல இருந்த ரெண்டு ஓவல் ஸ்பீக்கரும், முன்னாடி ரைட் டோரும் அருமையா இருந்துச்சு. கோனை நாலு விரல்ல சமமா அமுக்கிப் பார்த்தேன், காயில் உரசுனா மணலைத் தேய்க்கிற மாதிரி கையில தெரியும். ஒண்ணுலயும் இல்ல.

அடுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசி, ஹெட்லைட் ரெண்டையும் போட்டு ஐட்லிங்ல விட்டேன். பாட்டு போட்டா மீட்டர் துள்ளிக்கிட்டே இருக்கும்ங்கிறதால நான் பென்ட்ரைவ்ல 60 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு வச்சிருப்பேன், அதை ஓட்டினா ஒரே சீரா கரண்ட் இழுக்கும். பேட்டரில 12.6 வோல்ட். டிக்கில ஆம்ப்ளி டெர்மினல்ல 10.1. கொஞ்ச நேரத்துல ஆம்ப்ளில சிவப்பு லைட் எரிஞ்சு சத்தம் நின்னுச்சு. பையனை ஆக்ஸிலேட்டர் குடுக்கச் சொன்னேன், பேட்டரி 13.9க்கு ஏறுச்சு, ஆம்ப்ளில 11.5 வந்துச்சு, சத்தமும் வந்துருச்சு. உடுமலை சிக்னல்ல நடந்தது என் கடை வாசல்ல அப்படியே நடந்துச்சு. வாத்தியார் முகத்தைப் பார்க்கணுமே, "இதேதான் தம்பி, இதேதான்!"னு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

ரெண்டரை வோல்ட் நடுவுல எங்க போச்சு? மெயின் வயர் பக்கமா, இல்ல எர்த் (ஆம்ப்ளி மைனஸை வண்டி பாடியோட சேர்க்கிற இணைப்பு) பக்கமா? நீளமான வயர் ஒண்ணை பேட்டரி மைனஸ்ல இருந்து டிக்கி வரைக்கும் இழுத்து, மீட்டரோட கருப்பு முனையை அதுல மாட்டி, சிவப்பு முனையை ஆம்ப்ளியோட மைனஸ் டெர்மினல்ல வச்சேன். நல்ல எர்த்தா இருந்தா டோன் ஓடுறப்பகூட புள்ளி ஒண்ணு வோல்ட்டுக்குக் கீழதான் காட்டணும். இதுல 2.1 காட்டுச்சு. மிச்சம் புள்ளி நாலு ப்ளஸ் பக்கம், ஃப்யூஸ் ஹோல்டர் பச்சை பூத்துப் போயிருந்துச்சு.

இங்க ஒரு விஷயம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. முன்னாடி பார்த்த கடைக்காரரும் எர்த்தை செக் பண்ணியிருக்கார், பையனே பக்கத்துல நின்னு பார்த்திருக்கான். மீட்டரை ஓம்ஸ்ல வச்சு, சைபர் பக்கமா காட்டுது, எர்த் நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். அவர் பொய் சொல்லல, மீட்டர் அப்படித்தான் காட்டும். ஓம்ஸ்ல வைக்கிறப்ப மீட்டர் அனுப்புற கரண்ட் மில்லிஆம்ப் கணக்குதான், ஒரே ஒரு நூல் செம்பு தொட்டுக்கிட்டு இருந்தாலும் அதுக்குப் போதும். அது போக மீட்டர் வயருக்கே புள்ளி ரெண்டு, புள்ளி மூணு ஓம் இருக்கும். இந்த வண்டி எர்த்துல இருந்தது கணக்குப் போட்டா புள்ளி ஒண்ணு அஞ்சு ஓம்தான், ஆனா அதுல 14 ஆம்பியர் போறப்ப 2.1 வோல்ட் அங்கயே செத்துருது. அதனால எர்த்தை லோடுல, அதாவது ஆம்ப்ளி கரண்ட் இழுக்குறப்ப வச்சு, வோல்ட்ல பார்க்கணும், ஓம்ஸ்ல பார்த்தா தெரியவே தெரியாது.

பின் சீட்டைத் தூக்கினேன். சீட் போல்ட்டுக்கு அடியில வயரை முறுக்கி, வாஷர்கூட இல்லாம, பெயின்ட் மேலயே வச்சு டைட் பண்ணியிருந்தாங்க. மேல கார்ப்பெட். எப்பவோ மழைல டிக்கி ரப்பர் வழியா தண்ணி இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியிலயே நின்னிருக்கு. போல்ட்டைச் சுத்தித் துரு, வயர் நுனி கருப்பா, தொட்டா உதிருது. அதை அப்படியே வாத்தியார் உள்ளங்கையில வச்சேன். மூணு வருஷமா அவர் தேடுனது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கருகுன வயர் துண்டு.

வேற இடத்துல கெட்டித் தகடாப் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெறும் தகடு பளபளன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி, ரிங் டெர்மினல் க்ரிம்ப் பண்ணி, நட்டு போல்ட் போட்டு, மேல கிரீஸ் தடவி மூடினேன். ஃப்யூஸ் ஹோல்டரையும் மாத்தினேன், அது பேட்டரில இருந்து மூணடி தள்ளி இருந்துச்சு, அதைப் பேட்டரி பக்கத்துலயே கொண்டு வந்துட்டேன். ஃப்யூஸ் காப்பாத்துறது ஆம்ப்ளியை இல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல இருக்கிற வயர் எங்கயாவது உரசி பாடில தொட்டா அதை அணைக்க ஒண்ணுமே கிடையாது, வண்டியே பத்திக்கும். இதை மட்டும் நான் கஸ்டமர் கேட்டாலும் கேக்கலைன்னாலும் சரி பண்ணாம அனுப்புறது இல்ல.

மறுபடி டோன் போட்டுப் பார்த்தா மைனஸ் பக்கம் 0.08. ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டும் சிவப்பு லைட் வரல.

லெஃப்ட் டோர் வேற கதை. ஆம்ப்ளி பக்கத்துல இருந்து அந்த ஸ்பீக்கர் வயர்ல மீட்டர் வச்சுட்டு, பையனைக் கதவை மெதுவாத் திறந்து மூடச் சொன்னேன். மூடியிருக்கப்ப 3.8 ஓம், பாதி திறந்தா 9, 15, முழுசாத் திறந்தா ஒண்ணுமே இல்ல. கதவு கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய் இருக்கும்ல, அதுக்குள்ள போற வயர் இருபது வருஷமா மடங்கி மடங்கி நிமிர்ந்திருக்கு, மேல இருக்கிற ப்ளாஸ்டிக் அப்படியே இருக்கு, உள்ள செம்பு நூல் எல்லாம் அறுந்து ஒண்ணோ ரெண்டோதான் மிச்சம். கண்ணால பார்த்தா நல்ல வயர். இந்த ஸ்பீக்கரை ரெண்டு தடவை மாத்தினப்பவும் சில நாள் நல்லாப் பாடுச்சாம். மாத்துறப்ப வயரை இழுத்திருப்பாங்க, அறுந்த நூல் தொட்டுக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். புது வயர் கோர்த்து விட்டேன், குழாய்க்குள்ள ஜாயின்ட் வராம, கொஞ்சம் தளர்வு விட்டு.

அறுந்த வயரைவிட உரசித் தோல் போன வயர் இன்னும் மோசம். அதை ஜிபி ரோட்டுல ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார்ல அனுபவிச்சுத்தான் கத்துக்கிட்டேன். பழைய டேப் செட்டுகள்ல நிறைய ஸ்பீக்கரோட மைனஸை பாடி எர்த்துலயே சேர்த்திருப்பாங்க, ஸ்பீக்கருக்கு ஒத்தை வயர்தான் போகும். பின்னாடி வந்த செட்டுல எல்லாம் உள்ள இருக்கிற ஐசி (சத்தத்தைக் கூட்டுற சிப்பு) ஸ்பீக்கரோட ரெண்டு வயரையும் ஓட்டும், செட்டு ஆன் பண்ணி பாடியோட வச்சு அளந்தா ரெண்டுலயுமே ஆறு வோல்ட் கிட்ட நிக்கும். அதுல எது பாடில தொட்டாலும் ஐசி ப்ரொடெக்ஷனுக்குப் போகும், அதாவது தன்னைக் காப்பாத்திக்கச் சத்தத்தை நிறுத்திரும், இல்ல எரிஞ்சு போகும். எனக்கு அப்ப தெரியாது, மைனஸ் பாடியோட சேர்ந்திருந்த பழைய வயரிங்லயே புது செட்டை மாட்டிட்டேன். மூணாவது நிமிஷம் வாசம் வந்துச்சு. அண்ணன் திட்டல, புது செட்டுக்கு அவர் காசைப் போட்டு, வயர் முழுக்க என்னை வச்சே புதுசா இழுக்க வச்சார். அந்த வாசம் இன்னும் எனக்கு மறக்கல.

வாத்தியார் டிக்கில பழைய ஸ்பீக்கர் எல்லாத்தையும் பத்திரமா ஒரு சாக்குப்பைல வச்சிருந்தார். எடுத்து ஒவ்வொண்ணா மீட்டர் வச்சேன். நாலுல மூணு நல்லா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் நிஜமாவே காயில் கருகினது. அதுக்கும் இந்த எர்த்துதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். வோல்டேஜ் இல்லாத ஆம்ப்ளி சத்தத்தை உடைச்சு உடைச்சு அனுப்பும், சத்தம் பத்தலைன்னு நாம வால்யூமை இன்னும் ஏத்துவோம், காயில் சூடாகும்.

ஆம்ப்ளியை மாத்தணும்னு சொன்னாங்களே, அதையும் கழட்டி வெளிய வச்சு ஒரு ஹெட்லைட் பல்பை சீரிஸ்ல போட்டு சப்ளை குடுத்துப் பார்த்தேன். பல்பு ஒரு மின்னு மின்னிட்டு அணைஞ்சுருச்சு, அப்படின்னா உள்ள கரண்டைத் தாங்குற மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர் எதுவும் ஷார்ட் இல்ல. முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் கவலைப்படணும். கப்பாசிட்டர் தலை எதுவும் உப்பல. திரும்ப மாட்டிட்டேன்.

மதியம் மூணு மணி ஆயிருச்சு. லேபர் தொள்ளாயிரம், சாமான் முன்னூத்து நாப்பதுன்னு சொன்னேன். பையன் தயங்கினான், "அண்ணா, ஸ்பீக்கர் எதுவும் மாத்தலையே?"ன்னு. தப்பா கேக்கல அவன், எல்லாரும் கேக்குறதுதான். எங்க தொழில்ல மாத்தினா காசு, பார்த்ததுக்குக் காசு கிடையாது. ஸ்பீக்கர் வித்தா லாபம் நிக்கும், அரை மணி நேரத்துல மாட்டி அனுப்பிடலாம். அஞ்சு மணி நேரம் குனிஞ்சு எர்த்தைத் தேடுனா அதுக்கு பில்லுல என்னன்னு எழுதுறது? அதனாலதான் ஒருத்தரும் தேடுறது இல்ல, இதுல கடைக்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா இதைச் சொல்லித்தான் ஆகணும், தேடுறதுதான் வேலை, மாட்டுறது அதோட கடைசிப் பத்து நிமிஷம்.

வாத்தியார் பையனைத் திரும்பிப் பார்த்து, "மாத்தாம விட்டதுக்குத்தான்டா குடுக்குறோம்"னு சொல்லி ஆயிரத்து முன்னூறு குடுத்தார், மிச்சம் வாங்கிக்கல.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அட்டைல எழுதி ஆம்ப்ளி பக்கத்துல டேப் போட்டு ஒட்டினேன்: எர்த் டிராப் 0.08 வோல்ட், நாலு ஸ்பீக்கரும் 3.5ல இருந்து 3.8 ஓம், லெஃப்ட் டோர் வயர் புதுசு, எர்த் பாயின்ட் டிக்கி வலது பக்கம், தேதி. அடுத்து இந்த டிக்கியைத் திறக்கப் போறவர் யாரோ தெரியாது, அவருக்காக.