ஐந்து முடிந்தது, ஆறு முறைக்கிறது

இரண்டு நாட்களாக ஒரே எண் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது: 4,71,76,870.

டூரிங் இயந்திரம் என்பது ஒரு கற்பனைக் கணினி: தான் இருக்கும் ‘நிலை’யையும் நாடாவில் படிக்கும் 0 அல்லது 1-ஐயும் பார்த்து, எதை எழுதுவது, எந்தப் பக்கம் நகர்வது, எந்த நிலைக்குப் போவது என்று முடிவுசெய்யும். ஐந்தே நிலைகள் கொண்ட அப்படியொரு இயந்திரம் வெற்று நாடாவில் ஓடத் தொடங்கி, என்றாவது நிற்குமென்றால், அதிகபட்சம் எத்தனை அடிகள் எடுத்துவைத்து நிற்கும்? 1962-இல் கணிதவியலர் டிபோர் ராடோ கிளப்பிவிட்ட ‘பிஸி பீவர்’ புதிர் இதுதான். அந்த 4,71,76,870 அடிகள் ஓடி நிற்கும் இயந்திரத்தை மார்க்ஸனும் பண்ட்ராக்கும் 1989-இலேயே பிடித்துவிட்டார்கள். அதை மிஞ்ச ஆளில்லை என்று நிரூபிக்க 2024 வரை ஆயிற்று. மிச்சமிருந்த கோடிக்கணக்கான இயந்திரங்களில் எது நிற்கும், எது நிற்கவே நிற்காது என்று ஒன்றுவிடாமல் காட்ட வேண்டுமே! இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் அதைச் செய்தார்கள். பலருக்குக் கணிதம் தொழிலே அல்ல. நிரூபணத்தை ‘காக்’ என்ற மென்பொருள் வரிவரியாகச் சரிபார்த்தது. (மனிதக் கண் மட்டும் பார்த்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.)

ஆறு நிலைகளுக்குப் போனால் ‘ஆன்டிஹைட்ரா’ என்ற இயந்திரம் வழிமறிக்கிறது. அது செய்யும் கணக்கு இதுதான். 8-இல் தொடங்குங்கள். ஒன்றரையால் பெருக்கி, பின்னம் வந்தால் உதறுங்கள்: 8, 12, 18, 27, 40, 60... வழியில் வரும் ஒற்றைப்படைகளின் எண்ணிக்கை எப்போதாவது இரட்டைப்படைகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கைத் தாண்டினால் இயந்திரம் நிற்கும். தாண்டாது என்றுதான் தோன்றுகிறது. நிரூபணம்தான் யாரிடமும் இல்லை. கொலாட்ஸ் புதிரின் (இரட்டைப்படையைப் பாதியாக்கு, ஒற்றைப்படையை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு; எங்கே தொடங்கினாலும் 1-க்கு வருமா?) பங்காளி அல்லவா, அவ்வளவு எளிதில் மசியாது.

நானும் காகிதத்தில் நாற்பது வரி போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.