ஆளில்லாத பெட்டிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் நான் பெருமையோடு நீட்டிய புகைப்படத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில், பின்னணியில் மலூட்டி மலைத்தொடர், இருப்புப்பாதையின் இருபுறமும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் காஸ்மாஸ் பூக்கள், நடுவே கரும்புகை கக்கி வரும் ‘காரட்’ (Garratt) வகை நீராவி எஞ்சின். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்த அவருக்கு மிஞ்சியிருக்கும் தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலிருந்து இரண்டே சொற்களை எடுத்து, “ஆள் எங்கே?” என்று கேட்டார்.

சுருக்கென்று தைத்தது. அந்தப் பெட்டிகளில் ஆளே தெரியக் கூடாது என்றுதான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டிருந்தோம்.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கிழக்கில், நீராவி ரயில் பித்துப் பிடித்த நாங்கள் சிலர் பணம் போட்டு ஒரு வண்டியை நாள் முழுவதும் வாடகைக்கு எடுத்திருந்தோம். காட்சி நன்றாக அமையும் வளைவில் வண்டியை நிறுத்தி எங்களை இறக்கிவிடுவார்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி ஒரே வரிசையில் நிற்போம். வண்டி பின்வாங்கிப் போய், கரி அள்ளிப் போட்டுப் புகையெழுப்பி, எங்களைக் கடந்து விரையும். இதற்கு ‘ரன் பாஸ்ட்’ என்று பெயர். வரிசையைத் தாண்டி ஒருவரும் முன்னே போகக் கூடாது. பெட்டிக்குள் தங்கிவிட்டவர்கள் தலை நீட்டக் கூடாது. அன்று கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு சிறுவன் கையசைத்தான். என் பக்கத்தில் நின்றவர் அதட்டியதும் கை உள்ளே போய்விட்டது. வண்டி மறுபடி பின்வாங்கி வந்தபோது எடுத்த படம்தான் அது.

எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி அகலப் பாதைக்கு இத்தனை பெரிய எஞ்சினா என்று முதன்முதலில் பார்த்தபோது வாயடைத்து நின்றேன். கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள் தத்தம் போக்கில் திரும்புவதால், கூர்மையான வளைவிலும் அது பாம்புபோல் நெளிந்து போகும். என்ஜிஜி16 என்ற இந்த வகையின் முதல் எஞ்சின்கள் 1937இல் பெல்ஜியத்தில் செய்யப்பட்டவை.

ஒன்பது ஆண்டுகளில் இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது. ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம் என்பதுகூட மனதில் பதிந்துவிட்டது. ஆனால் விசில் ஊதினால் மட்டும் கண் கல்லாறு பாக்குத் தோப்பைத் தேடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையில், கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைக் கவ்வும்போது எழும் கடகடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மேலேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதை ஒட்டிய பெட்டியில் இடம் கிடைத்தால் கண்ணில் கரித்தூள் விழாமல் தப்ப முடியாது. அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றிக் கண்ணில் ஒற்றுவாள். சுரங்கம் வந்தால் பெட்டி முழுக்க ஒரே கூச்சல். பதினாறு சுரங்கத்துக்கும் பதினாறு கூச்சல். ஜன்னலெல்லாம் கையும் தலையும் இல்லாமல் ஒரு ரயிலை அந்த வயதில் நான் பார்த்ததே இல்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிறுவயதில் கரும்பு ஏற்றிப் போகும் இரண்டடிப் பாதை வண்டியின் பின்னால் ஓடி, கரும்பு உருவித் தின்றதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போதே கை ஓங்கிக் காற்றில் இழுத்தது.

வருகிற ஏப்ரலில் இருவரும் போகிறோம். ரன் பாஸ்ட் நேரத்தில் இறங்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதட்டுகிறவர்கள் அதட்டட்டும். பெரியவர் கேட்டது ஒன்றுதான், அதையும் தமிழில் கேட்டார்: “ஜன்னல் எனக்கு.”