பொன்னாடை லிஸ்ட்டு

பள்ளியில எனக்குக் குடுத்த பாடம் கணக்கு, ஆனா பாதி வருஷம் நான் பாக்கற வேலை வேற. கலை இரவு, கட்டட நிதி விருந்து, பரிசளிப்பு விழா, எது நடந்தாலும் யாருக்குப் பொன்னாடை, யாருக்கு மாலை, யாருக்குக் கேடயம்ங்கற லிஸ்ட்டு கடைசியில என் மேசைக்குத்தான் வரும். மைக்கும் என் கையிலதான். அதனால அரசாங்கப் பட்டம் வாங்குன எந்த டத்தோ இப்ப அதுக்கும் மேல டத்தோஸ்ரீ ஆயிட்டாரு, எந்தத் தலைவர எந்தத் தலைவர் பக்கத்துல உக்கார வைக்கக் கூடாது, ஒய்.பி., அதாவது தொகுதி எம்.பி.யோ சட்டமன்ற உறுப்பினரோ, வராம பி.ஏ.வ அனுப்புனா அந்த மாலைய அவருக்குப் போடலாமா கூடாதா, இதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். வாத்தியார் பயிற்சியில இத யாரும் சொல்லித் தரல.

ஊரு மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் நடுவுல. வெளியூர்க்காரங்களுக்கு 1948ல கம்யூனிஸ்டுங்க தோட்டத்து வெள்ளைக்காரத் துரைங்களச் சுட்டு, மலாயாவுல அவசரகாலம் ஆரம்பிச்ச ஊருன்னு சொன்னா தெரியும், இல்லாட்டி பழைய அமைச்சர் துன் சம்பந்தன் ஊருன்னு சொன்னா தெரியும். எல்பில், டோவன்பி, ஹீவுட்னு சுத்திலும் தோட்டம், முந்தி எல்லாம் ரப்பரு, இப்ப எங்க பாத்தாலும் செம்பனை, தோட்டத்து லய வீட்டுல இருந்த சனத்துல பாதிப் பேரு டவுனு பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்தாச்சு, திருவிழாவுக்கு மட்டும் தோட்டத்துக் கோயிலுக்குப் போயிட்டு வருவாங்க. எங்க புள்ளைங்களுக்கு மேளம், ஆட்டம், கூத்து எல்லாம் மொத மொதல்ல கண்ணுல பட்டது அந்தக் கோயில் வாசல்லதான், ஆடிட்டோரியத்துல இல்ல.

லிஸ்ட்டு எப்படி ஓடும்னு சொல்றேன். மொதல்ல ஒய்.பி., அப்புறம் பணம் குடுத்தவங்க, அதுவும் தொகை வாரியா, அப்புறம் வாரியத் தலைவரு, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரு, மண்டபத்த வாடகை இல்லாம விட்ட கோயில் தலைவரு, சாப்பாட்டுல கொஞ்சம் கொறச்சிக்கிட்ட கேட்டரிங்காரரு. மணி பத்தே கால் ஆயிடும், பாதி சனம் பீஹூன் பொட்டலத்தோட கார் பார்க்குல நிக்கும், அப்பத்தான் "இன்றைய நடனங்களை அமைத்துக் கொடுத்த ஆசிரியைக்கும் மேளக் குழுவினருக்கும் நன்றி"ன்னு நான் ஒரு வரி படிப்பேன். டீச்சர் அந்நேரம் மேடைக்குப் பின்னால புள்ளைங்க கொண்டையில இருந்து ஊசி கழட்டிக்கிட்டு இருப்பாங்க, காதுல கூட விழாது.

பணம் குடுக்கறவங்கள நான் கொறச்சலாப் பேசல. அவங்க இல்லன்னா ஒலிபெருக்கி கூட வாடகைக்கு எடுக்க முடியாது. ஆனா இத்தன வருஷம் இந்த லிஸ்ட்ட எழுதி எழுதி எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, நாம ஒரு ராத்திரிக்கு வர்ற காசுக்குத்தான் மரியாத செய்றோம், மாசாமாசம் வர்ற ஆளுக்குச் செய்றதில்ல.

அந்த டான்ஸ் டீச்சரையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை காலையில ஈப்போவுல இருந்து ஒரு பழைய கஞ்சில் கார்ல வருவாங்க. வகுப்பு எங்க கேன்டீன்லதான். மேசைய எல்லாம் ஓரமாத் தள்ளிட்டு, சிமெண்டுத் தரையில மஞ்சள் டேப் ஒட்டி வரிச போட்டு, ஒரு சின்ன ஸ்டூல்ல உக்காந்து கட்டைய எடுத்துத் தட்ட ஆரம்பிச்சாங்கன்னா கண்ணு வேற எங்கயும் போகாது, புள்ளைங்க முட்டி மேலதான். முட்டிய மடக்கி அரைமண்டியில உக்கார எந்தப் புள்ளைக்கும் புடிக்காது, தாளம் போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமா எழும்பிக்கிட்டே வரும். டீச்சர் தட்டறத நிறுத்தவே மாட்டாங்க, "உக்காரும்மா, இன்னும் கீழ, உக்காரு"ன்னு சொல்கட்டுக்கு நடுவுலயே சொல்லிட்டுத் திரும்ப தாளத்துக்கு வந்துடுவாங்க. மாசக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு, பாதிப் பேரு கட்டறதில்ல. டீச்சர் கேக்கறதும் இல்ல. அப்பாவுக்கு ஓவர்டைம் இல்லாத மாசம் எதுன்னு அவங்களுக்குத் தெரியும். பள்ளி நேர அட்டவணையில இசைன்னு ஒரு பாடம் இருக்கு, அதுல ரெக்கார்டர்ங்கற குழல் ஊதறாங்க, நல்லதுதான், ஆனா சலங்கை கட்டணும்னா சனிக்கிழமைதான், டீச்சர் கார் ஸ்டார்ட் ஆனாத்தான்.

உறுமி அண்ணன் கதை வேற. பகல்ல செம்பனைக் கொலை ஏத்தற லாரி ஓட்டறாரு, சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால பையனுங்களுக்கு மேளம் கத்துக் குடுக்கறாரு. உறுமியில ஒரு பக்கம் தட்டறது, இன்னொரு பக்கம் வளஞ்ச குச்சியால தேய்க்கறது, அந்தத் தேய்ப்புலதான் அது உறுமும். தட்டறத ஒரு வாரத்துல எந்தப் பையனும் புடிச்சுக்குவான், தேய்க்கறதுக்கு மாசக்கணக்காகும், குச்சிய அழுத்துனா சத்தம் செத்துடும், லேசா விட்டா வழுக்கும். அண்ணன் பையன் கைய மேல இருந்து புடிச்சு அவரே தேய்ச்சுக் காட்டுவாரு, மூணாந்தடவ கைய விட்டுட்டுத் திரும்பிக்குவாரு, பாக்கவே மாட்டாரு, காதால மட்டும் கேப்பாரு. நான் நின்னு பாத்திருக்கேன், நான் கணக்கு சொல்லித் தர்றதவிட அது நல்ல பாடம்.

ஆனா உறுமின்னாலே நம்மாளுங்களுக்கு ஒரு மொகச் சுளிப்பு. சாவு வீட்டு மேளம்பாங்க, தைப்பூசத்துல சண்ட போடறவனுங்கம்பாங்க, கேங்குன்னும் சொல்வாங்க. பரதம்னா மேடை, உறுமின்னா கார் பார்க். தோட்டத்துல யாரு எந்த மேளம் அடிச்சாங்க, எந்த வீட்டுக்காரங்க அடிச்சாங்கங்கற பழைய கணக்கு இன்னும் உள்ள ஓடுது, யாரும் வாய் விட்டுச் சொல்லமாட்டாங்க, லிஸ்ட்டுல மட்டும் தெரியும். ஒரு வருஷம் அண்ணனுக்கும் சால்வை போடலாம்னு கேக்கப் போனேன். "சால்வய வெச்சி நான் என்னா ஐயா பண்றது, லாரியில போத்திக்கிட்டுப் போறதா? தோல் கிழிஞ்சி கெடக்கு, அதுக்கு வழி பண்ணுங்க"ன்னாரு. கோவமா எல்லாம் சொல்லல, சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.

கலைக்கு, படிப்புக்குக் காசு குடுக்கறவங்கன்னா கோட்டு போட்ட ஆளுங்கன்னு நெனைக்கறது நம்ம நாட்டுத் தமிழனுக்குப் பொருந்தவே பொருந்தாது. மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை 1956ல வந்துச்சே, அந்த நேரத்துல தமிழ் முரசு பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி தெரட்டுனாரு, அதுல ஆளுக்கு ஒரு வெள்ளி, அதான் ஒரு டாலர்னு போட்டதுல ரப்பர் மரத்துல பால் வெட்டற சனம் எவ்வளவோ பேரு. ஒரு வெள்ளிங்கறது அன்னிக்கு அவங்களுக்குச் சும்மா காசில்ல. அப்புறம் எங்க ஊரு சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டத் தோட்டமாப் போயி பத்துப் பத்து வெள்ளியாச் சேத்தாரு, துரைமாருங்க தோட்டத்தத் துண்டு போட்டு விக்க ஆரம்பிச்ச நேரம் அது, அத நம்மாளுங்களே சேந்து வாங்கணும்னுதான். இன்னிக்குக் கே.எல்.ல, அதான் கோலாலம்பூர்ல, அந்தச் சங்கத்துக் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன்ல டான்ஸ்ரீ கே.ஆர். சோமா அரங்கத்துல அரங்கேற்றம், நாடகம், புத்தக வெளியீடுன்னு நடக்குதே, அந்தக் கட்டடத்தோட அடியில கெடக்கறது அந்தப் பத்து வெள்ளிங்கதான். அவங்க பேர யாரும் மைக்குல படிச்சதில்ல, படிக்கணும்னா விடிஞ்சுடும். தோட்டத்துலயும் இதே கததான், எங்கப்பா காலத்துல கோயில் காசு சம்பளத்துலயே புடிச்சுக்குவாங்க, திருவிழா மேளக்காரருக்கும் கூத்து வாத்தியாருக்கும் அதுல இருந்துதான் போகும். தோட்டத்து ஆபீஸ் கிராணி நோட்டுல எழுதியிருப்பாரு, அவ்வளவுதான் பாராட்டு.

பெரிய மேடைங்களயும் நான் கவனிக்காம இல்ல. அமெரிக்காவுல வருஷா வருஷம் நியூயார்க்ல தேசியக் கலை விருதுன்னு ஒண்ணு குடுக்கறாங்க, கலைஞருக்கும் கொடையாளிக்கும் ஒரே மேடையில மரியாத. நம்ம நாட்டுல பாத்தா கேமரன் மலை "போ"ங்கற தேயிலைக் கம்பெனி ஆதரவுல கேமரோனியன் கலை விருது, நாடகம், நடனம், இசைன்னு குடுக்கறாங்க, நல்ல விருதுதான், ஆனா தேயிலை பறிச்ச வீட்டுப் புள்ளைக்கு அந்த மேடை எவ்வளவு தூரம்னு யோசிக்காம இருக்க முடியல. நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமுக்கு 2018ல இந்தியா பத்மஸ்ரீ குடுத்துச்சு, அந்த வருஷம் ஆசியான் நாடு ஒவ்வொண்ணுல இருந்தும் ஒருத்தருக்குக் குடுத்தாங்க, மலேசியாவுக்கு அவரு. எனக்கு அந்த விருதவிடப் பெருசாப் படறது அவரோட சூத்ரா நடன அமைப்பு கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஒடிசி சொல்லிக் குடுத்தது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்ங்கற கலை நிலையமும் அப்படித்தான், 1981ல சுவாமி சாந்தானந்த சரஸ்வதி கே.எல்.ல ஆரம்பிச்சது, அவங்க அன்னலட்சுமி சாப்பாட்டுக் கடையில வேணுங்கறதச் சாப்புடலாம், மனசுக்குப் பட்டதக் குடுக்கலாம். எங்க ஊர்ல அத ஆரம்பிச்சா ரெண்டாவது வாரம் கடைய மூடணும், எங்காளுங்கள எனக்குத் தெரியும்.

அண்ணாமலைச் செட்டியாரப் பத்தி யோசிச்சாலும் இதேதான் தோணும். தமிழிசைச் சங்கம் 1943ல வந்துச்சுன்னு எல்லாரும் பேசுவாங்க, அதுக்கு முன்னாலயே 1929ல சிதம்பரத்துல இசைக் கல்லூரி ஆரம்பிச்சாரு, டைகர் வரதாச்சாரியார் மாதிரி பெரிய வித்துவான் அங்க முதல்வரா வேலை பாத்திருக்காரு. அதாவது வித்துவானுக்கு ஒரு வேலை, மாசாமாசம் சம்பளம், எதுர்ல உக்காந்து கத்துக்க புள்ளைங்க. மாலை எவ்வளவு விழுந்துச்சோ தெரியாது, அந்த ஏற்பாடு நின்னுச்சு.

எங்க ஊர்ல இந்தச் சங்கதி புரிஞ்ச ஆளு ஒருத்தங்க இருக்காங்க. ரிட்டயர் ஆன நர்ஸம்மா, பேரு சொன்னா என்னய திட்டுவாங்க. ஒரு தடவ நன்கொடை கேட்டு ரசீது புத்தகத்தோட போனப்ப, "விழாவுக்கு எவ்ளோ ஆகும்"னு அவங்க கேக்கல, "அந்த டான்ஸ் டீச்சர் புள்ளைக்கு மாசம் எவ்ளோ பெட்ரோல் ஆவும் தம்பி?"ன்னு கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல, யாரும் அப்படிக் கேட்டதே இல்லயே. அன்னியில இருந்து பெட்ரோலும் கட்டணம் கட்டாத புள்ளைங்க காசும் அவங்க கணக்கு, ஆனா சும்மா இல்ல, மாசக் கடைசியில வருகைப் பதிவேட்ட போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பணும். எந்தப் புள்ள ரெண்டு வாரம் வரலயோ அதுக்கு எனக்குப் போன் வரும். "ஏன் வரல, ஒடம்பு சரியில்லயா, டியூஷனா, அப்பன் வேணாங்கறானா, கேட்டுச் சொல்லு." நான் கணக்கு வாத்தியார்ங்கறதே அவங்களுக்கு மறந்துபோச்சுன்னு நெனைக்கறேன்.

அவங்களோட பெரிய கவலை ஆறாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் புள்ளைங்க சலங்கையக் கழட்டி வச்சிடுதுங்க, டியூஷன், பள்ளி நேரம், பஸ்ஸுன்னு ஆயிரம் காரணம். ஆறு வருஷம் அரைமண்டி பழகி, இனி வர்ணம் மாதிரி ஒரு பெரிய உருப்படி கத்துக்கலாம்ங்கற நேரத்துல நின்னுடும். மேடையில நாம கை தட்டி அனுப்பற ஒவ்வொரு ஆறாம் ஆண்டு கூட்டத்துலயும் ஒண்ணு ரெண்டுதான் திரும்பி வருது. இதுக்கு எந்த டத்தோவும் அட்டையில பெரிய செக் அடிச்சுக்கிட்டு வரமாட்டாரு, ஏன்னா போட்டோ புடிக்க ஒண்ணும் இல்ல இதுல.

இந்த வருஷ லிஸ்ட்டுக்கு கூட்டத்துல நான் ஒரு யோசனை வச்சேன். டீச்சருக்கும் உறுமி அண்ணனுக்கும் மொதல்ல, சாப்பாட்டுக்கு முன்னால, சனம் முழுசா உக்காந்திருக்கும்போது மரியாத. சால்வைக்குப் பதிலா அண்ணனுக்கு ரெண்டு உறுமிக்குத் தோல், டீச்சருக்கு ஒரு வருஷத்துப் பெட்ரோல் கார்டு. பணம் குடுக்கறவங்க கிட்ட மொத்தத் தொகை கேக்காம, எந்தச் செலவ ஏத்துக்கறீங்கன்னு கேக்கலாம், அதையே மைக்குல படிக்கலாம். பொருளாளர் சரின்னாரு. செயலாளர்தான் ஒத்துக்கல. "ஐயா, டத்தோவுக்கு முன்னால மேளக்காரர மேடையேத்துனா அடுத்த வருஷம் டத்தோ வருவாரா?" அந்தப் பயமும் ஞாயந்தான், கட்டட நிதி இன்னும் பாதி கூடச் சேரல. தலைமையாசிரியை ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு, "பாத்துச் செய்ங்க"ன்னு எங்கிட்டயே தள்ளிட்டாங்க, பெட்ரோல் கார்டுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க, தோலுக்கு மூணு கடையில விலைப்பட்டியல் வாங்கணுமாம். உறுமித் தோல் விக்கறதுக்கு மூணு கடைக்கு நான் எங்க போறது?

வரிசை விஷயத்துக்கு நான் வேற வழி பாத்து வச்சிருக்கேன். அழைப்பிதழ்ல ஒய்.பி., டத்தோ எல்லாரும் மேலதான் இருக்காங்க, யாரு மனசும் நோகாது. நிகழ்ச்சி ஏழரைக்குன்னு போட்டிருக்கோம். ஒய்.பி.யும் டத்தோவும் ஏழரைன்னா எட்டே முக்காலுக்குத்தான் வருவாங்க, அதுக்குள்ள டீச்சரையும் அண்ணனையும் மேடையேத்தி எறக்கிடலாம், மைக்கு என் கையிலதான இருக்கு.