போர்ட்டிகோவில் நிற்கும் ஹெரால்டு

அக்டோபர் 11, 2024, வெள்ளி

ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், ஓடாத வண்டி, அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அப்பா இருந்தவரை வண்டியை மெல்ல நகர்த்துவார், நாலும் நசுங்கும் சத்தத்துக்கு நாங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்போம். இன்று பழங்கள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

டிசம்பர் 10-க்குள் போர்ட்டிகோ காலியாக வேண்டும்.

அக்டோபர் 12

அண்ணா பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். காயலான் கடைக்காரர் முப்பத்தைந்தாயிரம் தருகிறாராம். "இரும்பு விலைக்கு மேலயே தர்றாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" யோசிக்கிறேன் என்றேன்.

பதினேழு வயதில் அந்த வண்டியில்தான் அவன் ஓட்டக் கற்றுக்கொண்டான், மெரினா பக்கம், விடியற்காலையில். பின் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு லைசென்ஸ் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அப்பா கடைசிவரை சாவியைத் தரவில்லை. "அந்த கிளட்ச் உனக்கு ஒத்து வராதும்மா."

அக்டோபர் 15

ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நான் தார்ப்பாயின் நாலு மூலையையும் செங்கல் வைத்து இறுக்கினேன். 2015-ல் தண்ணீர் வந்துபோன கோடு கதவின் அடியில் இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் ஏறினால் நகர்த்த வழியில்லை.

அக்டோபர் 17

தண்ணீர் ஏறவில்லை.

டாஷ்போர்டு அறைக்குள் அப்பாவின் நோட்டு கிடைத்தது. தேதி, மீட்டர் ரீடிங், போட்ட பெட்ரோல். எல்லாம் பென்சிலில். 1973 ஜூனிலிருந்து 1975 மார்ச் வரை வியாழக்கிழமைதோறும் 14 கிலோமீட்டர். பக்கத்தில் எதுவுமே எழுதவில்லை. மற்ற நாட்களில் 'மாம்பலம் மாமா', 'ஸ்டேஷன்', 'டயர் கடை' என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மெக்கானிக் பாய் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். தார்ப்பாயை எடுத்ததும், "மார்க் த்ரீ. நாலு கதவு. இது நம்ம ஊர்ல மட்டும்தாம்மா போட்டாங்க, இங்கிலாந்துல ரெண்டு கதவுதான்" என்றார். முன்பக்க கொக்கிகளை விடுவித்து, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த அந்த முழு மூக்கையும் முன்னால் சாய்த்தார். உள்ளே ஒரு பூனை படுத்திருந்த தடம், காய்ந்த வேப்பிலை.

பிறகு பாக்கெட்டிலிருந்து ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துப் பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தார். கதவில் 'டக்'கென்று பிடித்தது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்ததும் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "இங்க தகரமே இல்ல, எல்லாம் பட்டி." விரலால் சுரண்டினார். ரோஸ் நிறத்தில் பொடி உதிர்ந்தது. 1990 வாக்கில் அப்பா டிங்கரிங் செய்த இடம். பெயிண்ட் வாசனை போகும்வரை எங்களைத் தொடவிடவில்லை, அப்படிப் பார்த்துக்கொண்டார். உள்ளே இத்தனை வருஷமும் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பாய் படுத்து அடியில் பார்த்தார். நடு சேஸிஸ் கெட்டியாம், பக்கவாட்டுக் கைகள்தான் போய்விட்டனவாம். "இதுல ஒரு நல்லது, பாடியை போல்ட் கழட்டித் தனியாத் தூக்கிடலாம். மத்த வண்டி மாதிரி இல்ல." என்ஜின் ஜாம். நாலு பிளக் ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "பத்து நாளைக்குத் தொடாதீங்க" என்று போனார்.

அக்டோபர் 21

வியாழக்கிழமை பதினான்கு கிலோமீட்டர் என்றால் போக ஏழு. மந்தைவெளியிலிருந்து ஏழு என்றால் எழும்பூரா, கிண்டியா?

நவம்பர் 5

வண்டியைச் சரிசெய்ய நாலரை லட்சம், குறைந்தபட்சம். என் பிராவிடண்ட் ஃபண்டில் கை வைக்க வேண்டும்.

பணத்தைவிட இன்னொன்று அரிக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், பத்து வருஷம் செல்லும், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பரும் கையைவிட்டுப் போகாது. ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். எனக்குக் கண்காட்சியில் நிறுத்த வேண்டாம். லஸ்ஸுக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வர வேண்டும். தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், நான், என் கையில் ஸ்டீயரிங்கோடு. அதற்குச் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்ட வேண்டும். பாய் இரண்டாவதைத்தான் சொல்கிறார். "வண்டி ஓடறதுக்குத்தானேம்மா."

அம்மாவிடம் வியாழக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். "அப்ப எல்லாரும் எங்கெங்கயோ போனாங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 6

விற்றுவிடலாம்.

நவம்பர் 9

இல்லை.

நவம்பர் 16

ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை. ஐந்து கடைகளில் "ஹெரால்டா?" என்று சிரித்தார்கள். ஆறாவது கடைப் பெரியவர் சிரிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து நியூஸ்பேப்பர் சுற்றிய டெயில் லைட் கண்ணாடி ஒன்றை இறக்கினார். இடது பக்கத்துக்கானது. எங்களுக்கு உடைந்திருப்பது வலது. இருந்தாலும் வாங்கினேன்.

பெருங்களத்தூரைத் தாண்டும்போதெல்லாம் அப்பா ஸ்டாண்டர்டு ஃபேக்டரியைக் கைகாட்டி, "நம்ம வண்டி பொறந்த வீடு" என்பார். இப்போது அங்கே ஐ.டி. கட்டடங்கள்.

நவம்பர் 23

என்ஜின் சுற்றியது!

பாய் ஹேண்டிலை முன்னால் செருகிப் பிடித்தார், அசையவில்லை. "நீங்க பிடிங்கம்மா, கட்டை விரலைச் சுத்திப் பிடிக்காதீங்க, எகிறி அடிச்சா ஒடஞ்சிடும்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். முதலில் கதவுக் கீல் மாதிரி ஒரு முனகல். அப்புறம் கால் சுற்று. பிளக் ஓட்டையிலிருந்து கறுப்பு ஆயில் என் சட்டையில் தெறித்தது. சட்டையைத் துவைக்கப் போடவில்லை. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். மாற்றலாம்.

அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும், பார்த்துக்கோ" என்றான்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். நாள் முழுக்கத் தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் சத்தம். ராத்திரி குடையோடு போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். கிளட்சை மிதித்துப் பார்த்தேன். கனமாகத்தான் இருக்கிறது. முடியாத கனம் இல்லை.

டிசம்பர் 4, புதன்

நாளை காலை ஆறு மணிக்கு டோயிங் வண்டி வருகிறது. அம்பத்தூரில் பாயின் மருமகன் ஷெட். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொடுத்தாயிற்று. பட்டியைச் சுரண்டித் தகரம் வைக்க வேண்டும், ஆனால் சாம்பல் பச்சை நிறத்தை மாற்றக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது, "நாளைக்கு வியாழக்கிழமையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டம்ளரைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எந்த வழியா எடுத்துட்டுப் போவாங்க?"

"தெரியலம்மா. எழும்பூர் வழியா இருக்கலாம்."

ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஐந்து மணிக்கே தன்னை எழுப்பச் சொன்னாள்.

ஸ்டெப்னி இன்னும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதையும் ஏற்ற வேண்டும்.