பாம்பனில் காற்றுக்கும் ஒரு சிக்னல்

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காலையில் ஒரு பாசஞ்சர் போகிறது. பாம்பன் பாலத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த வண்டியைத்தான். சென்னையிலிருந்து இரவு ரயில் பிடித்தால், பாலம் வரும் நேரத்தில் பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள். பாசஞ்சரில் அந்தப் பிரச்சினை இல்லை. முன்பதிவும் கிடையாது. துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

காரில் போனால் சீக்கிரம் போகலாம்தான். ஆனால் காரில் எதிர் சீட்டு இல்லையே. ரயிலில் நான்கு மணி நேரம் யாரோ ஒருவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாக வேண்டும். சிலைமான் வரைக்கும் யாரும் பேசுவதில்லை. திருப்புவனத்தில் "எங்க போறீங்க?" வரும். மானாமதுரை ஜங்ஷனில் பக்கத்து வீட்டுப் பத்திரத் தகராறு வரை வந்துவிடுவார்கள். அதற்குள் யாராவது ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நம் பக்கம் நீட்டியிருப்பார்.

மானாமதுரையைத் தாண்டினால் சீமைக்கருவேலம்தான். பரமக்குடிக்கு அப்பால் வெயிலும் பனைமரமும் சேர்ந்துகொள்கின்றன. ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி ஒருவர் பெருமையாகச் சொல்ல, "குறியீடு கெடச்சது, வெல கெடக்கல" என்று இன்னொருவர் வெட்டினார்.

உச்சிப்புளியில் காற்று மாறியது. உப்பு வாடை. எனக்கு எதிரே அதுவரை தூங்கிக்கொண்டு வந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். இந்தப் பகுதியிலும் சில காலம் வேலை பார்த்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "இன்னிக்குக் காத்து கம்மி தம்பி, போயிரலாம்" என்றார். பாலத்தில் ரயில் போவதும் போகாததும் காற்றைப் பொறுத்தது என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரியில். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். நடுவில் கப்பல் போவதற்காக இரு பக்கமும் திறக்கும் ஷெர்சர் வகைத் தூக்குப் பாலம். ஆட்கள் நின்று கையாலேயே இயக்குவார்கள். அந்தப் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டரும் ஓட்டுநரும் என்ன அவசரத்தில் இருந்தாலும் சரி, வண்டி நகராது. "வேட்டி படபடன்னு அடிச்சாலே எங்களுக்குத் தெரிஞ்சிரும், இன்னிக்கு வண்டி நிக்கும்னு" என்றார் பெரியவர்.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் கிளம்பியது. வண்டி எண் 653. வெளியே புயல். தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு, விசில் கொடுத்தபடி மெதுவாக வண்டியை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். எழுந்து வந்த அலை மொத்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போனது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் அதிகம் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. பாம்பன் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புக் கர்டர்களில் பெரும்பகுதியைக் கடல் அடித்துக்கொண்டு போனது, தூக்குப் பாலம் மட்டும் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்து 46 நாட்களில் பாலத்தை நிமிர்த்தினார். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் ஊருக்கெல்லாம் தெரிந்த அதே ஸ்ரீதரன்தான்.

ஆனால் பாம்பனுக்குக் கிழக்கே தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் மட்டும் திரும்பி வரவே இல்லை. சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்த போட் மெயில் பயணமும் அதோடு முடிந்தது.

மண்டபத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. கிளம்பியதும் பெட்டியில் இருந்த எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். செல்போனைக் கையில் பிடித்தபடி கால் ஒன்று படியில், உடம்பு முழுக்க வெளியில். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு ஒரு மாலை போடலாம். ரீல்ஸ் எடுப்பவர்கள் உட்கார்ந்து எடுத்தால் கடல் குறைந்தா போய்விடும்?

இப்போது நாம் போவது புதிய பாலத்தில். 2022 டிசம்பரில் பழைய பாலத்தின் தூக்குப் பகுதி அரிப்பால் பலமிழந்திருப்பது தெரிந்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக ராமேஸ்வரத்து ரயில்கள் மண்டபம், ராமநாதபுரத்தோடு திரும்பின. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. இதன் நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே எழும், மின்சாரத்தில். முன்பு ஊர்ந்து போன இடத்தில் இப்போது வண்டி ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய திகிலில் பாதிகூட இல்லை. அது நல்லதுதான்.

பாலம் திறப்பதற்கு முன் நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பாலத்தைச் சோதித்தார். இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வராது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயில்வேயின் வேலையை ரயில்வேயே சோதித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவர் அறிக்கையில் குறைகளை வரிசையாக எழுதினார். 75 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, தூக்குப் பகுதியில் 50தான் என்று வேகத்துக்கும் வரம்பு போட்டார். வாட்ஸ்அப்பில் அப்போது "புதுப் பாலமே சரியில்லையாம்" என்று பரப்பினார்கள். எனக்கோ அந்த அறிக்கையைப் படித்த பிறகுதான் ஏறத் தைரியம் வந்தது. குறை சொல்ல ஆள் இல்லாத பாலத்தை நினைத்தால்தான் பயம்.

நம் ரயில் விபத்துகளைத் தொடர்ந்து படித்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: நிறுத்த வேண்டிய இடத்தில் யார் நிறுத்தியிருக்க முடியும்? 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் போய் விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இந்த விபத்துக்காகத்தான். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் பச்சை காட்டியது, தண்டவாளமோ சரக்கு ரயில் நின்ற பக்கத்துத் தடத்துக்கு, அதாவது லூப் லைனுக்கு, திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2025 ஜூலையில் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. இருந்திருந்தால், கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்கு சிக்னல் விழுந்திருக்காது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். "மெஷின் எல்லாம் வேணும் தம்பி. ஆனா காலையில ஸ்பேனரும் சுத்தியலும் தூக்கிட்டு ஒருத்தன் தண்டவாளத்துல நடக்கணும்" என்றார். பாம்பனில் இறங்கிக்கொண்டார்.

மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போனேன். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள், பேருந்தே போகிறது. இடிந்த தேவாலயத்தின் முன்னால்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். ரயில் நிலையத்தின் மிச்சச் சுவரை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஐஸ் மோர் வண்டி ஒன்று அதன் நிழலில் நின்றது. இங்கே மறுபடி ரயில் விட வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு வரும். ஒரு ரயில் பைத்தியமாக எனக்கு ஆசைதான். ஆனால் இரு பக்கமும் கடல் இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் அந்த மணல் திட்டைப் பார்த்த பிறகு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்பும்போது பாம்பன் நிலையத்தில் வண்டி நின்றே இருந்தது. காற்று அதிகமா, படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்கியிருக்கிறார்களா, யாரும் சொல்லவில்லை. மதுரையில் கடைசி பஸ் போய்விடும் என்று ஓர் இளைஞர் யாரிடமோ போனில் கத்தினார். "எறங்கி நீந்திப் போயேன்" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. பெட்டியே சிரித்தது, அந்தப் பையனும்தான். சுண்டல்காரர் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தபோது அவருடைய பாத்திரம் காலி. எனக்குக் கிடைத்தது வெறும் மாங்காய்த் துண்டுகள்தான்.