இளவயதில் குடல் புற்றுநோய்: குடும்பத்துக்கு மரபணுப் பரிசோதனை செய்யும்போது

50 வயதுக்கு முன்னரே பெருங்குடலில் புற்றுநோய் வந்த ஒருவர் வீட்டில் இருந்தால், மற்றவர்கள் முதலில் கேட்பது "எங்களுக்கு இரத்தம் குடுத்துப் பார்க்கலாமா?" என்றுதான். கொழும்பில் இப்படியான குடும்பங்களோடு கிளினிக் கிளினிக்காக நடந்த எங்கள் பதில் ஒன்றே. நோய் வந்தவரில் தொடங்குங்கள். அவரிடம் எந்த மரபணுவில் பிழை என்று தெரியாமல் தம்பிக்கு மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அந்த ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

போகுமுன் மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில். இங்கே எங்கள் உறவுமுறைச் சொற்களே குழப்பும். 'மாமிக்குக் கான்சர்' என்றால் அப்பாவின் தங்கையா, அம்மாவின் தம்பி மனைவியா? முதலாமவர் இரத்த உறவு, மற்றவர் கணக்கில் வரமாட்டார். பெரியம்மாவுக்கும் இதே கேள்வி உண்டு. "அம்மம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது" என்று யாராவது சொன்னால், ஏன் எடுத்தது என்று கேளுங்கள். லிஞ்ச் நோய் என்ற பரம்பரை நோயில் குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில் பாதிக்கப்படும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் அதையும் எழுத வேண்டும். குடல் புற்றுநோயோடு தொடர்புள்ள மியூட்டிவைஎச் என்ற மரபணுவில் பிழை தாய், தகப்பன் இரு பக்கமும் இருந்து வந்தால்தான் நோய்க்கு வழிவிடும்.

அடுத்தது 'புளொக்'. வெட்டி எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். பயொப்சி ரிப்போர்ட்டில் உள்ள இலக்கத்தைக் காட்டித்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களையும் சாயமிட்டுப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்றின் மரபணு பிறப்பிலேயே பிழைத்திருப்பதுதான் லிஞ்ச் நோய். கண்ணாடித் தகட்டில் நல்ல கலங்களின் கரு பழுப்பாகத் தெரியும். புரதம் இல்லாத கட்டியின் கரு நீலமாகவே நிற்கும். மலக்குடல் கட்டிக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் கதிரும் மருந்தும் கொடுத்திருந்தால் எம்எஸ்எச்6 மங்கித் தெரிந்து ஏமாற்றலாம். ஆகவே சிகிச்சைக்கு முந்திய பயொப்சியின் புளொக்கைக் கேளுங்கள். எம்எல்எச்1 இல்லை என்று வந்தால் உடனே பரம்பரை என்று முடிவெடுக்கவும் கூடாது. கட்டிக்குள் மட்டும் அந்த மரபணு அணைந்துபோவதும் உண்டு, அதைப் பிரித்தறியக் கட்டியிலேயே செய்யும் பிராஃப், மெதிலேற்றம் என்ற வேறு பரிசோதனைகள் இருக்கின்றன.

அதன் பிறகே இரத்தம். கின்சி வீதியில் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு இருக்கிறது. மரபணு ஆலோசகரைக் கண்ட பிறகு இரத்தம் கொடுப்பதே நல்லது. 'அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்' என்று விடை வந்தால் அதைக் கொண்டு பிள்ளைகளைச் சோதிப்பதும், குடலை வெட்டுவதும் பிழை. அந்த மாற்றத்தின் பொருள் பின்னர் திருத்தப்படலாம்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பாவுக்கு ஏற்கெனவே பார்த்திருந்தால், வட்ஸ்அப்பில் "பொசிட்டிவ்" என்ற ஒரு சொல் போதாது. முழு ரிப்போர்ட்டின் பிரதி வேண்டும். மரபணுவின் பெயரும் மாற்றத்தின் குறியீடும் இருந்தால் அந்த ஓரிடத்தை மட்டும் பார்க்கலாம், செலவும் குறையும். அப்போது வரும் 'இல்லை' உண்மையான 'இல்லை'.

லிஞ்ச் நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணுப் பிழை வர 50 சதவீத வாய்ப்பு. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 பிழை இருந்தால் 25 வயதிலிருந்தும், மற்ற இரண்டுக்கும் 35 வயதிலிருந்தும், 2 வருடத்துக்கு ஒருமுறை கொலனொஸ்கொபி (கமராக் குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) என்பது ஐரோப்பிய நடைமுறை. ஏபிசி என்ற இன்னொரு மரபணுவின் நோயில் குடல் முழுக்கப் பொலிப்புகள் என்ற சிறு சதை வளர்ச்சிகள் முளைக்கும், அதற்குப் 12 வயதளவிலேயே தொடங்குவார்கள்.

இளவயதில் நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மரபணுப் பிழையும் கிடைப்பதில்லை. அப்படியானாலும் அண்ணன், தங்கை, பிள்ளைகள் 40 வயதிலோ, நோய் வந்தவரின் வயதுக்கு 10 வருடம் முன்னரோ, எது முந்துகிறதோ அப்போது கொலனொஸ்கொபி செய்ய வேண்டும். அக்காவுக்கு 38 இல் வந்ததென்றால் தம்பிக்கு 28 இல்.